குளிர்காலத்துக்கு முன் ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய இம் சாங்-சுன் அவர்களுக்கு,

வணக்கம். இன்று 2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் எழுதிய ‘போக்சாக் சோகாத்சுதா’ என்ற கொரியத் தொடரின் பன்னிரண்டாம் பகுதியை நேற்றிரவு என் அம்மாவோடு பார்த்து முடித்தேன். வாரத்துக்கு நான்கு பகுதிகள் என வசந்தம், கோடை, இலையுதிர்காலம் ஆகிய மூன்று பருவங்களைத் தந்துவிட்டீர்கள். மிச்சமிருக்கும் குளிர்காலம் வருகிற வெள்ளிக்கிழமை, 28ஆம் தேதி, எங்கள் நேரப்படி பகல் 12.30க்கு வருகிறது. முடிவு தெரிந்த பிறகு எழுதினால் இந்தக் கடிதம் விமர்சனமாகிவிடும். பாதி வழியில் நிற்கும்போது மனத்தில் இருப்பதை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். உங்கள் பெயரே புனைபெயர் என்பதால் எந்த முகத்தை நினைத்து எழுதுவது என்று தெரியவில்லை. ஆகவே கடலோரத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன்.

அடுப்பைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தத் தொடரைக் காதல் கதை என்கிறார்கள், தாய்மகள் கதை என்கிறார்கள், 1951இல் பிறந்த ஒரு பெண்ணின் வழியாகச் சொல்லப்படும் கொரியாவின் வரலாறு என்கிறார்கள். எனக்கோ முதல் பகுதியிலிருந்தே இது யார் தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பற்றிய கதையாகத்தான் தெரிகிறது. அப்பாவின் சகோதரர் வீட்டில் அண்டி வாழும் சிறுமி, கதையின் நாயகி ஏசுனுக்குப் பொரித்த மீன் பங்கு வைக்கப்படவில்லை என்று அறிந்ததும் தாய் குவாங்ரே கொதித்தெழுகிறாளே, அந்த இடத்தில் என் அம்மா தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை. திரையில் தெரிந்த மீனைப் பார்த்து, “இது நம்ம கத்தாழ மாதிரில்ல இருக்கு” என்றார் முதலில். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க வீட்டுலயும் நடுத்துண்டு ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தான். எனக்கு வாலு” என்றார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. அந்த வாலைப் பற்றி இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எனவே அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பார்க்கிறார்; ஒரு மணி நேரப் பகுதி எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. ஏசுனின் மகள் கும்மியோங் “அப்பா” என்று கூப்பிடும் இடங்களில் மட்டும் எனக்கு ஓய்வு. (இந்த ஒற்றைச் சொல்லை வைத்து இரு மொழிகளுக்கும் உறவு கற்பிப்பவர்களின் கூட்டத்தில் நான் இல்லை, மொழிபெயர்ப்பவளின் தொண்டைக்கு அது ஆறுதல் என்பதோடு சரி.) தலைப்புத்தான் என்னைத் திணறடித்தது. கதை நடக்கும் ஜெஜு தீவின் வழக்கில் அதற்கு ‘மிகவும் பாடுபட்டீர்கள்’ என்று பொருள் என்றும், தலைநகரத்துக் காதுக்கு அது ‘முழுக்க ஏமாந்துபோனேன்’ என்பதுபோல ஒலிக்கும் என்றும் படித்து அறிந்தேன். பன்னிரண்டு பகுதிகளுக்குப் பிறகு யோசித்தால் ஏசுனின் வாழ்க்கைக்கு இரண்டு பொருளும் பொருந்தவே செய்கின்றன. ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டு ஆங்கிலத்தில் வைத்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ என்ற தலைப்பு சாமர்த்தியமானதுதான், ஆனால் அதில் பாடு இல்லை. அம்மாவிடம் “பாடுபட்டவ” என்று தலைப்பைச் சொன்னேன். அதற்குமேல் அவர் விளக்கம் கேட்கவில்லை.

குவாங்ரே கடலில் மூழ்கி அபலோன் என்னும் சிப்பியை எடுக்கும் ஹென்யோ. ஜெஜு ஹென்யோக்களின் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது 2016இல். காற்றுக் குழாயும் கலனும் இல்லாமல் பத்து மீட்டர் ஆழம் வரை இறங்குகிறார்கள் என்பதும், மேலே வந்து மூச்சை விடும்போது எழும் சீழ்க்கைக்கு ‘சும்பிசோரி’ என்று தனிப்பெயரே இருக்கிறது என்பதும் தெரிந்துதான் பார்க்க உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சீழ்க்கையை, குவாங்ரேயாக நடிக்கும் யோம் ஹே-ரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விட்டபோது, தகவலாகத் தெரிந்ததெல்லாம் உதிர்ந்து போயிற்று. மன்னார் வளைகுடாவில் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையுடன் மூச்சடக்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்கள் மேலே வரும் நேரத்தில் கரையில் இருக்கும் பிள்ளைகள் தலைகளை எண்ணுவார்கள். அபலோனைத் திட்டி ஏசுன் எழுதும் கவிதை அந்த எண்ணிக்கையிலிருந்து பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது: அபலோன் விற்று வரும் பணத்தை நானே கொடுத்து அம்மாவின் ஒரு நாளை விலைக்கு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று பத்து வயதுப் பிள்ளை கணக்குப் போடுகிறது. இருபத்தொன்பது வயதில் அந்தத் தாயைக் கொன்றுவிட்டீர்கள். முதல் பகுதியிலேயே இப்படிச் செய்தவர் குளிர்காலத்தில் எதற்குத் தயங்குவார் என்பதுதான் இந்த வாரம் முழுவதும் என் கவலை.

ஏசுனின் கணவன் குவான்சிக்கைப் பற்றி இணையத்தில் எல்லாரும் உருகி உருகி எழுதிவிட்டார்கள். கப்பலிலிருந்து குதித்து நீந்தி வந்ததையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடலில் குதிப்பதைப் பெரிய காரியமாக எங்கள் வீட்டில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் அதிர்ந்தது அவன் திரும்பி உட்கார்ந்தபோதுதான். ஆண்கள் ஒரு மேசையில், பெண்கள் அதற்குப் பின்னால் தரையோரத்தில். தலைமுறை தலைமுறையாக அப்படியே நடந்துவந்த வீட்டில், ஒரு சொல்லும் பேசாமல் உடம்பைத் திருப்பி மனைவியின் பக்கம் அமர்ந்து அவன் சாப்பிடத் தொடங்குகிறான். இளவயதுக் குவான்சிக்காக வரும் பார்க் போ-கொம் அந்தக் காட்சியில் நடித்ததாகவே தெரியவில்லை, பசித்தவன் சாப்பிடுவதைப்போலச் சாப்பிட்டார். வசனம் எழுதிப் புகழ்பெற்ற ஒருவர் அந்த இடத்தில் வசனத்தை வெறுமையாக விட்டதற்காகத் தனியாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். சிறுவயதில் அவன் தினமும் ஏசுனுக்குக் கொண்டுவந்து தந்த மீனும், அவளைப் படிக்க விட்டுவிட்டு அவளுடைய முட்டைக்கோசை அவன் கூவி விற்றதும் இந்த ஒரு திரும்பலுக்காகத்தான் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன என்று அப்போதுதான் புரிந்தது.

அரிசிப் பானையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கையில் காசில்லாத இளம் தம்பதியின் பானையில், வீட்டுச் சொந்தக்காரக் கிழவரும் கிழவியும் யாரும் அறியாமல் அரிசியை நிரப்பிவைக்கிறார்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டாத மனிதர்கள் உங்கள் கதைகளில் எப்போதும் உண்டு. 2019இல் நீங்கள் எழுதிய ‘வென் த கமேலியா ப்ளூம்ஸ்’ தொடரில், நண்டு ஊறுகாய் விற்கும் அந்தத் தெருவின் பெண்கள் நாயகி தோங்பேக்கை வாயால் பழித்துக்கொண்டே கையால் கிம்ச்சியைக் கொடுப்பார்கள். அங்கே அது வேடிக்கையாக இருந்தது. இங்கே வேடிக்கை வடிந்து, கடன் என்று சொல்லத்தக்க ஒன்று தங்கிவிட்டது. ஏசுனின் பாட்டியின் பணத்தில் வாங்கிய படகுக்குக் கும்மியோங், உன்மியோங், தோங்மியோங் ஆகிய மூன்று பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்துப் பொன், வெள்ளி, வெண்கலம் என்று பெயர் வைத்தீர்கள். புயல் நாளில் கடைக்குட்டி தோங்மியோங் இறந்த பிறகு, அந்தப் படகின் பெயரைத் தமிழில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மூன்றாவது சொல் வாயிலிருந்து வரவில்லை.

இனிக் குறைகள். சாங்கில் என்ற அந்தப் படகு முதலாளியிடம் நீங்கள் காட்டும் இரக்கம் அளவுக்கு மீறியது. அந்த வேடத்தில் சே தே-ஹூன் அவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்பதால் அவருடைய கத்தலுக்கும் நாங்கள் சிரித்துவிடுகிறோம். வீட்டில் மனைவியும் மகளும் அந்தக் கத்தலோடுதான் தினமும் வாழ்கிறார்கள் என்பதைச் சிரிப்பு மறைத்துவிடுகிறது. அடுத்தது, 1948 ஏப்ரல் 3க்குப் பிறகு ஜெஜுவில் நடந்த பெருங்கொலைகள். குவாங்ரேயின் தலைமுறையில் அதன் தழும்பு படாத ஊர் அந்தத் தீவில் இருந்திருக்காது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பேசும் கதையில் அந்த மௌனத்தை நான் எதிர்பார்த்த இடத்தில் நீங்கள் தொடவில்லை. ஒருவேளை அதைப் பேசாமல் வாழ்ந்தவர்களைப் பற்றிய கதை என்பதால் கதையும் பேசாமல் இருக்கிறது என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

மூன்றாவது குறை உங்களுடையதல்ல. நடுவயதுக் குவான்சிக்காக வரும் பார்க் ஹே-ஜூனை, 2020இல் மனைவியை ஏமாற்றும் கணவனாக இன்னொரு தொடரில் பார்த்துப் பல்லைக் கடித்தவர்கள் நாங்கள். இரண்டாம் வாரம் முழுவதும், “இவன நம்பாத, ஏசுன்” என்று அம்மா மூன்று முறை திரையைப் பார்த்து எச்சரித்தார். மகளை ஜப்பானுக்குப் படிக்க அனுப்ப வீட்டை விற்ற பிறகுதான் குவான்சிக் மீது அம்மாவுக்கு இருந்த சந்தேகம் தீர்ந்தது. மாறாக, இளவயது ஏசுனாகவும் மகள் கும்மியோங்காகவும் நடிகை ஐயூ ஒருவரே வருவது எங்களை ஒருமுறைகூடக் குழப்பவில்லை. மகளின் முகத்தில் இளம் தாயைப் பார்த்து, நடுவயது ஏசுனாக வரும் மூன் சோ-ரி ஒரு கணம் தடுமாறும்போது, அந்த ஏற்பாட்டின் காரணம் சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

இதே வாரங்களின் வெள்ளி, சனிக்கிழமைகளில் கொரியாவில் வேறு தொடர்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எம்பிசியின் ‘அண்டர்கவர் ஹை ஸ்கூல்’ தொடரில் ஒரு உளவுத்துறை அதிகாரி, மன்னர் கோஜோங்கின் காணாமல்போன தங்கக் கட்டிகளைத் தேடிப் பள்ளி மாணவனாக வேடமிடுகிறான். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம், சிரித்துவிட்டுத் தூங்கலாம். எஸ்பிஎஸ்ஸின் ‘பரீட் ஹார்ட்ஸ்’ முழுக்கப் பழிவாங்கல். அதற்கும் ஒரு மனநிலை வேண்டும், எனக்கு இப்போது அது இல்லை. உங்கள் தொடரைப் பார்க்கும்போது மட்டும் சாப்பிட முடிவதில்லை என்பதைக் குற்றச்சாட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வாரத்தில் கும்மியோங்குக்கும் அவள் காதலன் யோங்பொமுக்கும் இடையில் நின்றது அவனுடைய தாயின் ஏளனம். அந்த வீட்டில் தன் மகளுக்கு என்ன இடம் காத்திருக்கிறது என்பதை ஏசுன் கண்டுகொள்ளும் நேரத்தில், முதல் பகுதியில் மீன் கிடைக்காத சிறுமியும், மாமியார் வீட்டில் மகளை ஹென்யோவாக்கச் செய்த சடங்கின் படையலைப் புரட்டிப்போட்ட மருமகளும் சேர்ந்தே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணம் நின்றதற்கு எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. “நல்லதுதான்” என்று அம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு தியேட்டரில் படம் வரைகிற பையனைக் காட்டி, “இவன் சோத்தப் பகிர்ந்து திங்கிறவன் மாதிரி தெரியுது” என்றார். அவருடைய அளவுகோல் இப்போது அதுவாகிவிட்டது.

குவான்சிக் இறந்துவிடுவான் என்று நான் அஞ்சுகிறேன். முதியவளாக ஏசுன் வரும் காட்சிகளில் அவன் இருக்கிறானா என்று தேடிப் பார்த்தேன். அந்தத் தேடலின் முடிவை அம்மாவிடம் சொல்லவில்லை. பிழைக்க வையுங்கள் என்று கேட்கவும் நான் துணிய மாட்டேன், தோங்மியோங்கைக் காப்பாற்றாத கதையிடம் அப்படிக் கேட்பது நியாயமும் இல்லை.

ஆனால் இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அம்மா ஒரு செய்தி சொல்லச் சொன்னார். நீங்கள் எல்லாவற்றையும் ஏற்கெனவே எழுதி, எடுத்து, வெட்டி ஒட்டி முடித்துவிட்டீர்கள், இனி ஒன்றும் மாறாது என்று விளக்கினேன். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. “அந்தப் பையன ஒரு நாளாவது உக்கார வச்சு, நடுத்துண்டா எடுத்துப் போடச் சொல்லு” என்றார்.

சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு ரசிகை