மெட்ராஸின் உடன்பிறப்பைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு

மெல்பர்ன், வில்லியம்ஸ்டவுன் ஜெம் துறையில் காசில்மெய்ன் போர்க்கப்பலைப் பராமரித்து வரும் தன்னார்வலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோருக்கு இது படிக்க வராது. வருகையாளர் பதிவேட்டில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் நான் சொல்ல நினைத்தது அடங்கவில்லை. அது போக, உங்களுக்கு நன்றி சொல்வது எங்கள் ஆட்கள் காதிலும் விழ வேண்டும். டார்னெய்ட், பாயிண்ட் குக் என்று மேற்குப் புறநகர்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். விருந்தாளிகள் வந்தால் வில்லியம்ஸ்டவுன் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். கப்பல் பின்னால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்தக் கப்பலுக்கும் நமக்கும் என்ன உறவு என்று யாரும் சொன்னதில்லை. நானே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்திரேலியா தன் சொந்தக் கப்பல் தளங்களில் பாதர்ஸ்ட் ரகக் கப்பல்கள் 60 கட்டியது. கடலில் எதிரி போட்டு வைத்த கண்ணிவெடிகளை வாரி எடுப்பது அவற்றுக்கு விதித்த வேலை. நடைமுறையில் சரக்குக் கப்பல்களுக்குத் துணை போவது, நீர்மூழ்கிகளைத் தேடுவது, படைவீரர்களை ஏற்றி இறக்குவது என்று கையில் வந்த எல்லா வேலையையும் செய்தன. அவற்றில் 56 கப்பல்களை ஆஸ்திரேலிய மாலுமிகள் ஓட்டினார்கள். மிச்சம் 4 அப்போதைய ராயல் இந்தியக் கடற்படைக்காக சிட்னியில் கட்டப்பட்டவை. அவற்றின் பெயர்கள் பெங்கால், பம்பாய், பஞ்சாப், அப்புறம் மெட்ராஸ்.

ஆமாம், நம் மெட்ராஸ்தான். காசில்மெய்ன் 1942 ஜூனில் பணிக்கு வந்தது. மெட்ராஸும் அதே ஆண்டில்தான் பணியில் சேர்ந்தது. இரண்டுக்கும் வடிவமைப்பு ஒன்று. ஏறக்குறைய 57 மீட்டர் நீளம், ஒன்பதரை மீட்டர் அகலம். முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு 15 கடல் மைலைத் தாண்டாது. அந்த இடத்துக்குள் எண்பது பேருக்கு மேல் சமைத்து, சாப்பிட்டு, தூளி கட்டித் தூங்கி, போரும் நடத்தினார்கள்.

இந்த நான்கில் பெங்கால் கப்பலின் கதை எங்கள் ஊர்ப் பாடப்புத்தகத்தில் இருந்திருக்க வேண்டியது. 1942 நவம்பர் 11 அன்று ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டு பெரிய ஜப்பானியப் போர்க்கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஹோகோகு மாரு, ஐகோகு மாரு என்று பெயர். ஒவ்வொன்றும் 10,000 டன் அளவு, ஏகப்பட்ட பீரங்கிகள். பெங்காலிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது ஒரே ஒரு சின்ன பீரங்கி. எண்ணெய்க் கப்பலிலும் ஒன்றுதான். பெங்கால் ஓடவில்லை, எதிரியை நோக்கித் திரும்பியது. சண்டையின் நடுவே ஹோகோகு மாரு தீப்பிடித்து, வெடித்து மூழ்கியது. மற்றது கொஞ்ச நேரத்தில் விலகிப் போய்விட்டது. ஒண்டினாவின் கேப்டன் அந்தச் சண்டையில் இறந்தார். ஆனால் பெங்கால், ஒண்டினா இரண்டுமே அடிபட்ட உடம்போடு கரை சேர்ந்தன.

சரி, அந்தப் பெங்கால் இப்போது எங்கே? இல்லை. மெட்ராஸும் இல்லை, பம்பாயும் பஞ்சாபும் இல்லை. யாரும் வைத்துக்கொள்ளவில்லை. இதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு. 1971 போரில் வங்காள விரிகுடாவில் நின்ற விமானந்தாங்கி விக்ராந்த், பணி முடிந்த பிறகு மும்பையில் சில காலம் அருங்காட்சியகமாக இருந்தது. பாதுகாப்பில்லை என்று 2012ல் மூடினார்கள். 2014ல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அதன் இரும்பில் கொஞ்சம் பஜாஜ் மோட்டார் சைக்கிளாகி ரோட்டில் ஓடியது. அவ்வளவு பெரிய கப்பலை வைத்துக் காப்பாற்றும் செலவு சாதாரணமில்லை என்பது புரிகிறது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

60 கப்பல்களில் இன்று மிச்சம் இரண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள வயாலா, தன் பெயர் கொண்ட ஊரிலேயே கடலை விட்டுத் தள்ளி, தரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. மற்றது உங்கள் காசில்மெய்ன். இது தண்ணீரிலேயே மிதக்கிறது, அதுவும் தான் கட்டப்பட்ட வில்லியம்ஸ்டவுனிலேயே. மெட்ராஸ் கப்பலின் மாலுமி எந்த உயரக் கதவில் தலையைக் குனிந்து நுழைந்தார், எவ்வளவு இடுக்கில் படுத்தார், எஞ்சின் அறைக்கு எத்தனை செங்குத்தான ஏணியில் இறங்கினார் என்று இன்றைக்கு ஒருவர் உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டுமானால், உலகத்தில் இந்த இரண்டு இடங்களை விட்டால் வேறு இல்லை. நீங்கள் உங்கள் கப்பலைத்தான் காப்பாற்றினீர்கள், எங்களை நினைத்துச் செய்யவில்லை. அதனால் என்ன, பலன் எங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த நன்றி முதலில் அதற்கு.

அடுத்து, வேலைக்கு.

போர் முடிந்த பிறகு காசில்மெய்ன் ரொம்பக் காலம் கடற்படையின் பயிற்சிக் கப்பலாக ஒரே இடத்தில் கட்டிக் கிடந்தது. 1970களின் தொடக்கத்தில்தான் ஆஸ்திரேலியக் கடல்சார் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்று வரை அரை நூற்றாண்டாக அதை நிற்க வைத்திருப்பது சம்பளம் வாங்காத கைகள். பார்க்க வருகிறவர்களுக்குப் பீரங்கி தெரியும், சுக்கான் சக்கரம் தெரியும். துரு தெரியாது, ஏனென்றால் அவர்கள் வருவதற்குள் நீங்கள் அதைச் சுரண்டி எடுத்திருப்பீர்கள்.

ஓடாத கப்பலுக்குத்தான் சீக்கு அதிகம் என்பதை உங்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓடுகிற காலத்தில் கொதிகலன் சூட்டில் உள்ளறைகள் காய்ந்துகொண்டே இருக்கும். நின்றுவிட்டால் குளிர்ந்த இரும்புத் தகட்டில் ஈரம் வேர்க்கும். வெளியே உப்புக்காற்று, உள்ளே இந்த வேர்வை, மேலே மழை. பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு ஓடு நகர்ந்தால் போதும், சொட்டுவது ஓரிடம், உளுத்துப் போவது வேறிடம். கப்பலிலும் மேல்தளத்தில் ஒரு பொருத்து விட்டுப்போனால், தண்ணீர் எந்த அறையின் எந்த மூலையில் போய்த் தேங்கும் என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும். அப்புறம் அந்த மூலைக்குள் ஒருவர் ஒருக்களித்து நுழைந்து, சுத்தியலால் தட்டித் தட்டித் துருச் செதிலைப் பெயர்த்து, கம்பி பிரஷ் போட்டு, பிரைமர் அடித்து, காயவிட்டு, மேலே பெயிண்ட் அடித்து முடிக்க வேண்டும். முடித்து வெளியே வந்தால் அடுத்த மூலை காத்திருக்கும். தண்ணீருக்குக் கீழே இருக்கிற பாகம் தனிக் கவலை. உப்புநீர் அடித்தகட்டை அரிக்காமல் இருக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். தகட்டுக்குப் பதிலாக அந்தக் கட்டி கரையும். அடிப்பாகத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் கப்பலை உலர்துறையில் ஏற்றியாக வேண்டும். அதற்கு ஆகிற செலவு நுழைவுச்சீட்டுக் காசில் கட்டுபடியாகாது. இதையெல்லாம் தெரிந்தும் நீங்கள் கப்பலை மிதக்கவே வைத்திருக்கிறீர்கள். தரையில் ஏற்றிவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் காலடியில் லேசாக அசைகிற தளத்தில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

உங்களில் ஒருவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பெயரை நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் இங்கே போட்டிருக்க மாட்டேன். வழிகாட்டியவர் எங்களை மேல்தளத்துக்கு அழைத்துப் போனபோது, நீர் புகாத இரும்புக் கதவு ஒன்றின் பக்கத்தில் ஒரு பெரியவர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவின் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடும். கதவை மூடிப் பிடிகளைத் திருகினால் அந்த ரப்பர் நசுங்கித்தான் தண்ணீரைத் தடுக்கும். என்றோ யாரோ கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ரப்பருக்கும் சேர்த்து அடித்துவிட்டிருக்கிறார்கள். பெயிண்ட் பட்ட ரப்பர் விறைத்துப் போய் வெடிக்கும். அவர் ஒரு மொண்ணையான சின்ன கத்தியால், ரப்பரில் கீறல் விழாமல், அந்தப் பெயிண்டை நகம் நகமாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். என் மகள் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டாள். ஒரு பக்கம் முடிந்ததும் கதவை மூடச் சொல்லி, அவளையே பிடிகளைத் திருகச் சொன்னார். பிறகு திறந்து, ரப்பரில் கதவுச் சட்டத்தின் தடம் ஒரே சீராக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிக் காட்டினார். ஓரிடத்தில் தடம் மங்கலாக இருந்தது. தண்ணீர் முதலில் தேடி வருவது இந்த இடத்தைத்தான் என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வயதுப் பெண்ணை ஒரு கதவு விளிம்பின் முன்னால் அவ்வளவு நேரம் உட்கார வைத்ததற்கு, ஐயா, உங்களுக்குத் தனி நன்றி. வீட்டில் என்னால் முடியாத காரியம்.

எஞ்சின் அறையைக் காட்டியவருக்கும் நன்றி. ஒரே நீராவியை மூன்று சிலிண்டர்களில் அடுத்தடுத்து வேலை வாங்குவதை, அழுத்தம் குறையக் குறைய சிலிண்டர் ஏன் பெரிதாகிறது என்பதை, படம் இல்லாமல் கை அசைவிலேயே விளக்கினார். பள்ளியில் எனக்கு யாராவது இப்படிச் சொல்லித் தந்திருந்தால் இயற்பியல் மேல் அவ்வளவு பயம் வந்திருக்காது.

காசில்மெய்னின் ரகத்தையே சேர்ந்த ஆர்மிடேல் கப்பலைப் பற்றி நீங்கள் சொல்கிற விதத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1942 நவம்பர் கடைசியில் காசில்மெய்ன், ஆர்மிடேல், குரு என்ற சிறு கப்பல் மூன்றும் டார்வினிலிருந்து திமோர் தீவுக்குப் போயின. அங்கே ஜப்பானியர் பிடியில் மாட்டிக்கொண்டிருந்தவர்களை அழைத்து வருவதும், புதுப் படையை இறக்குவதும் திட்டம். குரு அழைத்து வந்த பெண்களும் குழந்தைகளுமாக 70 பேருக்கு மேல் காசில்மெய்னுக்கு மாற்றி ஏற்றப்பட்டார்கள். அவர்களோடு அது டார்வின் திரும்பியது. ஆர்மிடேல் மிச்ச வேலையை முடிக்கத் தங்கியது. டிசம்பர் 1 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை டார்பிடோ போட்டு மூழ்கடித்தன. கப்பலில் இருந்த 149 பேரில் 49 பேர்தான் பிழைத்தார்கள். டெடி ஷீன் என்ற 18 வயது மாலுமி, கப்பலை விட்டுக் குதிக்கச் சொல்லி உத்தரவு வந்த பிறகும், காயத்தோடு தன்னைத் துப்பாக்கியோடு கட்டிக்கொண்டு, நீரில் தத்தளித்தவர்களைச் சுட வந்த விமானங்களை நோக்கிச் சுட்டுக்கொண்டே கப்பலோடு போனார். வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் அவருக்குக் கிடைத்தது 2020ல்.

இந்தக் கதையை வீரமுழக்கமாகச் சொல்வது சுலபம். எங்களை அழைத்துப் போனவர் அப்படிச் சொல்லவில்லை. துப்பாக்கி இருக்கும் இடத்தைக் காட்டினார், வயதைச் சொன்னார், காசில்மெய்ன் ஏற்றி வந்த குழந்தைகளைப் பற்றியும் அதே குரலில் சொன்னார். போர் அருங்காட்சியகம் என்றாலே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை உண்டு. சண்டையை விளையாட்டாக்கிக் காட்டுகிற இடங்கள்தான் அதிகம். இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்த நண்பர் குடும்பமும் அன்று எங்களோடு இருந்தது. அகதிகளை ஏற்றி வந்த கப்பல் என்று கேட்டதும் அந்த அக்கா அந்தத் தளத்தில் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். வழிகாட்டி அவசரப்படுத்தாமல் மற்றவர்களை வேறு பக்கம் அழைத்துப் போனார். அது அவருக்குத் தெரிந்து செய்ததா, தற்செயலா, கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் நன்றி.

நுழைவாயிலில் சீட்டுக் கொடுத்த அம்மாவுக்கு, பழைய படங்களையும் சீருடைகளையும் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த மாலுமிகளின் குடும்பங்களுக்கு, பணம் கொடுத்துப் பெயர் போட்டுக்கொள்ளாதவர்களுக்கு நன்றி. உங்களுக்கு முன்னால் இதே சுத்தியலைப் பிடித்து, இப்போது உயிரோடு இல்லாதவர்களுக்கும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். சீட்டு வாங்கிக் கப்பலுக்குள் போங்கள். சீட்டுக் காசு பெயிண்ட்டாக மாறும். ஏணிகள் செங்குத்து, புடவையும் வழுக்குகிற செருப்பும் வேண்டாம். வெல்டிங், எலக்ட்ரிக்கல், தச்சு வேலை தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்று, சனி ஞாயிறு எப்படிப் போக்குவது என்று தெரியாமல் இருக்கும் அப்பாக்களும் இருக்கிறார்கள். அங்கே ஆள் தேவை எப்போதும் உண்டு, வேலையைக் கூட இருந்தே கற்றுத் தருகிறார்கள்.

எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்து வர ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். உங்களுக்கு வசதியான தேதியைச் சொல்லுங்கள். மெட்ராஸ், பெங்கால் கப்பல்களைப் பற்றிப் பிள்ளைகள் ஒரு பலகை எழுதிக்கொண்டு வருகிறார்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். மாட்ட இடம் இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் வகுப்பறையில் மாட்டிக்கொள்கிறோம். என் மகள் அந்தக் கதவின் மிச்ச மூன்று பக்கமும் முடிந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடனும் நன்றியுடனும்,
மெல்பர்ன் மேற்கிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்