அவர் முதலில் ஸ்கேட்போர்டு வீரர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ரியாலிட்டி ஷோக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான ராப் டிர்டெக்கை எம்டிவி சேனல் உருவாக்கிய ஆளாகவே காட்டுகிறது. சக்கரப் பலகையில் நின்று சறுக்கித் தாவும் ஸ்கேட்போர்டிங் விளையாட்டை இருபது ஆண்டுகளாகப் பின்தொடர்பவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதியே ஆக வேண்டும்.

ஒஹையோ மாநிலத்தின் கெட்டரிங் ஊரில் 1974இல் பிறந்த டிர்டெக், 16 வயதிலேயே தொழில்முறை வீரராகிவிட்டார். எம்டிவியில் அவருடைய முதல் ரியாலிட்டி ஷோ 'ராப் அண்ட் பிக்' 2006இல் தொடங்கியபோது அவருக்கு வயது 32. அதற்குள் அவர் பெயரிலேயே டிசி என்ற ஸ்கேட் ஷூ நிறுவனம் ஷூக்கள் விற்றுக்கொண்டிருந்தது.

அந்த முதல் நிகழ்ச்சியின் கருவே ஸ்கேட்டர்களின் வாழ்க்கையிலிருந்து வந்ததுதான். தெரு ஸ்கேட்டிங் செய்பவர்களுக்குப் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும்தான் மைதானம். அவை பெரும்பாலும் யாரோ ஒருவரின் கட்டடத்தில் இருக்கும். இரண்டு முறை தாவுவதற்குள் செக்யூரிட்டி வந்து விரட்டிவிடுவார். 2003இல் டிசி வெளியிட்ட ஸ்கேட் வீடியோவுக்காக டிர்டெக் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: செக்யூரிட்டியைச் சமாளிக்கத் தனக்கென்று ஒரு மெய்க்காப்பாளர்! அப்படி வந்த கிறிஸ்டோபர் 'பிக் பிளாக்' பாய்கின்தான் பிறகு அவருடைய நெருங்கிய நண்பரானார், தொலைக்காட்சியிலும் பாதி நிகழ்ச்சியைத் தாங்கினார். 2017இல் அவர் 45 வயதில் இறந்தபோது ஸ்கேட்டிங் உலகமே வருந்தியது. கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லை.

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். 'ராப் அண்ட் பிக்' வருவதற்கு ஓராண்டு முன்பே, 2005இல், சொந்த ஊரான கெட்டரிங்கில் ஸ்கேட் பிளாசா ஒன்று அவருடைய முயற்சியால் திறக்கப்பட்டது. வழக்கமான பூங்காக்களில் இருக்கும் குழிவான கிண்ணங்களும் மரச் சரிவுகளும் அங்கே முக்கியமில்லை. நகரத்துத் தெருவில் இருப்பதைப் போலவே படிகள், திண்டுகள், கம்பிகள். விரட்டுவதற்கு யாரும் இல்லாத தெரு. 2009இல் வந்த 'ஃபேண்டஸி ஃபேக்டரி' என்ற எம்டிவி நிகழ்ச்சியில் லாஸ் ஏஞ்சலிஸ் கிடங்கு ஒன்றுக்குள் அலுவலகத்தையும் ஸ்கேட்டிங் தளத்தையும் சேர்த்தே அமைத்தார். 2010இல் தெரு ஸ்கேட்டிங்குக்கான ஸ்ட்ரீட் லீக் போட்டியைத் தொடங்கினார். ஒவ்வொரு தாவலுக்கும் அப்போதே மதிப்பெண் திரையில் வந்துவிடும் என்பதால், ஸ்கேட்டிங் தெரியாதவர்கூட யார் முந்துகிறார் என்று புரிந்துகொண்டு பார்க்கலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதன்முறையாக இடம்பெற்றபோது, தகுதிப் புள்ளிகள் தரும் போட்டிகளில் ஸ்ட்ரீட் லீக்கும் இருந்தது. தொலைக்காட்சியில் கிடைத்த பெயரை விளையாட்டுக்கே திருப்பிக் கொடுத்தவர் என்றுதான் நான் அவரைப் பார்க்கிறேன்.

ஆனால் 2011இல் தொடங்கி எம்டிவியில் அவர் நடத்திய 'ரிடிகுலஸ்னெஸ்' எனக்குப் பிடிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து, இணையத்தில் வந்த, யாரோ விழும் வீடியோக்களைப் போட்டுச் சிரிக்கிறார்கள். 2020 ஜூனில் ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் 113 மணி நேரத்தை எம்டிவி இதற்கே ஒதுக்கியது. ஒரு வித்தையைக் கற்க எத்தனை முறை கான்கிரீட்டில் விழ வேண்டும் என்பது டிர்டெக்குத் தெரியாததா? ஸ்கேட் வீடியோக்களிலும் விழுவதைக் காட்டுவார்கள். ஆனால் விழுந்தவர் எழுந்து, அதே கம்பியில் மறுபடி ஏறி, கடைசியில் சரியாக இறங்குவதையும் சேர்த்துத்தான் காட்டுவார்கள். சோபா நிகழ்ச்சியில் விழுந்ததோடு சரி, அடுத்த கிளிப் வந்துவிடுகிறது. பணம் வந்தது உண்மைதான். அதற்காக இத்தனை ஆண்டுகள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா என்ற வருத்தம் பழைய ரசிகர்கள் பலருக்கும் உண்டு.

கட்டுரையாளர் இந்த நிகழ்ச்சியை மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். 2028இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் ஸ்ட்ரீட் ஸ்கேட்டிங் இருக்கிறது. அதற்கு முன்பாவது ஸ்ட்ரீட் லீக்கின் அந்த மதிப்பெண் முறை பற்றியும், கெட்டரிங் பிளாசா பற்றியும் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கோவை