ஒரே திரை முன்னால் இரண்டு நாற்காலி

அன்புள்ள பாப்பா,

நீயும் மாப்பிள்ளையும் ஆன்லைனில் கவுன்சிலிங் போகப்போவதாகச் சொன்னாய். நல்லது. என்ன சண்டை என்று நான் கேட்க மாட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை நீ தனியாக இருக்கும்போது யோசி. அவர் முன்னால் உண்மையைப் பேசினால், பிறகு அடியோ மிரட்டலோ வரும் என்ற பயம் உனக்குள் இருக்கிறதா? இருந்தால் இருவரும் சேர்ந்து உட்காரவே கூடாது. திரை அணைந்ததும் கவுன்சிலர் போய்விடுவார், நீ அதே வீட்டில்தான் இருப்பாய். அப்படியென்றால் தனி செஷன் கேள், அதையும் வீட்டுக்கு வெளியே, அவர் எடுத்துப் பார்க்காத போனிலிருந்து. அந்தப் பயம் இல்லையென்றால் மேலே படி.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, தம்பதியரோடு வேலை செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்தவரா என்று கேளுங்கள். ஒருவரோடு பேசுவதும் இருவருக்கு நடுவில் உட்காருவதும் ஒரே வித்தை இல்லை. நீங்கள் இருக்கும் ஊரில் தொழில் செய்ய அவருக்கு உரிமம் உண்டா என்றும் பாருங்கள். இன்னொரு கேள்வியைப் பலர் கேட்க மறந்துவிடுவார்கள்: ஒருவர் தனியாகச் சொல்லும் ரகசியத்தை அவர் என்ன செய்வார்? சிலர் காப்பார்கள், சிலர் 'மறைக்க மாட்டேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். எதுவானாலும் தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டும். நடுவில் தெரிந்தால் அதுவே புதுச் சண்டை.

எந்த முறையில் சிகிச்சை தருவார் என்றும் கேளுங்கள். 1980களில் சூ ஜான்சன், லெஸ்லி கிரீன்பெர்க் என்ற உளவியலாளர்கள் உருவாக்கிய உணர்வுசார் சிகிச்சை பொதுவாக 8 முதல் 20 செஷன் வரை போகும். தம்பதியரை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மனின் முறையில் முதலில் இருவரோடும் பேசுவார்கள், பிறகு ஒவ்வொருவரோடும் தனியாக, அதன்பின் சேர்த்து உட்காரவைத்துத் தாங்கள் கண்டதைச் சொல்வார்கள். தனிப்பட்டவருக்கு வழக்கமான 50 நிமிடம் ஜோடிக்குப் போதாது. ஒருவர் மனம் திறக்கும்போதே மணி ஆகிவிடும். 75 அல்லது 90 நிமிடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இருக்கை. இதற்குத்தான் யாரும் யோசிப்பதில்லை. கையில் போன் வேண்டாம், முகம் மட்டும்தான் தெரியும். லேப்டாப்பை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, இருவரின் கைகளும் முழங்காலும் தெரியும்படி, லேசாக ஒருவரை ஒருவர் பார்த்தவாறு உட்காருங்கள். கால் ஆடுவதையும் தோள் திரும்பிக்கொள்வதையும் பார்த்துத்தான் கவுன்சிலர் பாதி விஷயத்தைப் புரிந்துகொள்வார். ஒரே அறையில் இரண்டு கருவி திறந்தால் ஸ்பீக்கர் ஊளையிடும். ஒரு கருவி, ஒரு மைக் போதும்.

மாப்பிள்ளை வெளியூரில் இருக்கும் வாரத்தில் நிலைமை வேறு. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. வீடியோவில் குரல் போய்ச் சேரும் தாமதம் இதைக் குலைத்துவிடும். பதில் கொஞ்சம் பிந்தினால் 'யோசித்து மழுப்புகிறார்' என்று தோன்றும். இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் 'பேசவே விடமாட்டாள்' என்று தோன்றும். குற்றம் இன்டர்நெட்டினுடையது, பழி உங்கள் மேல். அன்றைக்கு வயர் ஹெட்போன் போடுங்கள், புளூடூத் இன்னும் தாமதம் சேர்க்கும். பேசி முடித்தவர் கையைத் தாழ்த்திக் காட்டினால் போதும், மற்றவர் தொடங்கலாம்.

குரல் ஏறினால், நேரில் என்றால் கவுன்சிலர் சற்று முன்னால் சாய்ந்தாலே அடங்குவீர்கள். திரையில் அவர் சொல்வது உங்கள் சத்தத்தில் கேட்கவே கேட்காது. ஆகவே நிறுத்தச் சொல்லும் கை சைகை ஒன்றை மூவரும் முதல் நாளே பேசி வையுங்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது காதில் ஏறாது என்பது காட்மனின் கணக்கு. குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும். திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டு எழ வேண்டும், இல்லையென்றால் அது வெளிநடப்பு. அந்த 20 நிமிடமும் அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்காது.

அழைப்பு அறுந்தால் யார் யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கவுன்சிலர் கேட்டால் சலிக்காதீர்கள், அவசரத்தில் உதவி அனுப்பத்தான் கேட்கிறார். திருட்டுத்தனமாகப் பதிவு செய்யவே வேண்டாம். முடிந்ததும் கால்மணி நேரம் தனித்தனியாக நடந்துவிட்டு வாருங்கள். கிளினிக்கிலிருந்து வீடு திரும்பும் வழியில் ஆறும் சூடு, லேப்டாப்பை மூடினால் ஆறாது. ஐந்தாறு செஷனுக்குப் பிறகும் எதுவும் நகரவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு மட்டும் கேட்காதீர்கள். கேட்ட அன்றே ஒருவர் எழுந்து போய்விடுவார்.

நான் கேட்காத காரணம் இதுதான். இருவருக்குள் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை இழுத்துக்கொள்வார்கள். மர்ரே போவன் என்ற மனநல மருத்துவர் இதை முக்கோணம் என்றார். செஷன் முடிந்ததும் என்னிடம் கொட்டினால் உன் பாரம் குறையும், ஆனால் மாப்பிள்ளையிடம் போக வேண்டிய பேச்சு என்னிடமே தங்கிவிடும். அந்த மூன்றாவது முனையாக நான் இருக்க மாட்டேன்.

செஷன் நடக்கும் நேரத்தில் பேரனை மட்டும் என்னிடம் வீடியோவில் விடு, கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு போனில், மொபைல் டேட்டாவில் போடு. உங்கள் வைஃபையை நாங்கள் இழுக்கக் கூடாது.

அன்புடன்,
அப்பா