கமிஷன் விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் அனைவரும் நலமே. பங்குக் கணக்கு தொடங்கப் போவதாக எழுதி, மூன்று தரகு நிறுவனங்களில் எது மலிவு என்று கேட்டிருந்தாய். மாதம் எத்தனை முறை வாங்குவாய், ஒவ்வொரு முறையும் எவ்வளவுக்கு வாங்குவாய் என்று தெரியாமல் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

தரகுக் கட்டணமாக, அதாவது கமிஷனாக, சில நிறுவனங்கள் நீ வாங்கும் பங்குகளின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்பார்கள். சிலர் ஆர்டர் (வாங்கவோ விற்கவோ நீ கொடுக்கும் உத்தரவு) ஒன்றுக்கு ஒரே தொகை. 0.5 சதவீதம் கட்டணம் வாங்கும் தரகரும் ஆர்டருக்கு 20 கட்டணம் வாங்கும் தரகரும் 4000 மதிப்புள்ள ஆர்டரில் சமமாகிறார்கள். அதற்குக் கீழே முதலாமவர் மலிவு, மேலே இரண்டாமவர். ஆனால் சதவீதத்துக்குப் பக்கத்தில் ‘குறைந்தபட்சம் 25’ என்று சிறிய எழுத்தில் இருந்தால் கணக்கே மாறிவிடும். 1000க்கு வாங்கினால் அந்த 25 என்பது 2.5 சதவீதம். விற்கும்போதும் இன்னொரு 25. பங்கு 5 சதவீதத்துக்குமேல் ஏறிய பிறகுதான் உன் கையில் லாபம் என்று ஏதாவது நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் மாதாமாதம் 1000க்கு வாங்காதே. ஐந்து மாதப் பணத்தைச் சேர்த்து 5000க்கு ஒரே தடவையாக வாங்கினால் கட்டணம் அதே 25தான், விகிதமோ 0.5 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

இன்னொன்றையும் கேட்டு வை. வாங்கல் விற்பனை குறைவாக நடக்கும் பங்கில் உன் ஆர்டர் ஒரே நாளில் முழுதாக நிறைவேறாமல் இரண்டு மூன்று நாள் துண்டு துண்டாக நிறைவேறலாம். ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தபட்சக் கட்டணம் தனித்தனியாக விழுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்.

‘கமிஷனே கிடையாது’ என்ற மூன்றாவது நிறுவனம்தான் உன்னை ஈர்த்திருக்கிறது போலும். இந்த வழக்கம் புதிது. நியூயார்க்கில் 1792இல் 24 பங்குத் தரகர்கள் கால் சதவீதத்துக்குக் குறைந்து கமிஷன் வாங்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பங்குச் சந்தையில் எல்லோரும் ஒரே விகிதத்தில் வாங்கும் நிலையான கமிஷன் முறை ஒழிந்தது 1975 மே 1 அன்று. 2019 அக்டோபரில் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் பலவும் இணைய வழிப் பங்கு வர்த்தகத்துக்கு கமிஷனையே எடுத்துவிட்டன. வாடிக்கையாளருக்கு இது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் நிறுவனம் எங்கிருந்தோ சம்பாதித்தாக வேண்டும்: கணக்கில் சும்மா கிடக்கும் உன் பணத்துக்கான வட்டி, பங்கு வாங்க உனக்குத் தரும் மார்ஜின் கடனின் வட்டி, உன் ஆர்டரைத் தங்களிடம் அனுப்புவதற்காகப் பெரிய வர்த்தக நிறுவனங்கள் அதற்குத் தரும் தொகை, வெளிநாட்டுப் பங்கு வாங்கும்போது நாணய மாற்று விகிதத்துக்குள்ளேயே மறைந்திருக்கும் வித்தியாசம். கடைசியாகச் சொன்னது போகும்போது 1 சதவீதம், வரும்போது 1 சதவீதம் என்று இருந்தால், கமிஷன் இல்லாததால் மிச்சமானதைவிட அதிகமாகவே போய்விடும்.

எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராத செலவு ஒன்று உண்டு. வாங்குவோர் தரத் தயாரான விலை 99.80, விற்போர் சொல்லும் விலை 100.20 என்றால், வாங்கி உடனே விற்பவனுக்கு 0.40 நஷ்டம். இந்த இடைவெளி சிறிய நிறுவனப் பங்குகளில் இன்னும் விரியும். அதனால் சந்தையில் அப்போது கிடைக்கும் விலைக்கே நிறைவேறும் மார்க்கெட் ஆர்டர் போடாதே. உன் விலையைக் குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் போடு. வேண்டிய விலை வராமல் ஆர்டர் நிறைவேறாது போகலாம், போகட்டும்.

ஆலோசனையும் சொல்லி, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கமிஷனும் வாங்கும் தரகரிடம் கவனமாக இரு. வாங்க 0.6, விற்க 0.6 சதவீதம் என்று வைத்துக்கொள். மொத்த முதலீட்டையும் வருடத்தில் நான்கு முறை விற்று மீண்டும் வாங்கினால் 4.8 சதவீதம் கட்டணமாகவே கரையும். நீ அடிக்கடி விற்று வாங்கினால்தான் அவருக்கு வருமானம். உன் நன்மை பெரும்பாலும் சும்மா வைத்திருப்பதில் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பாதுகாப்பு. நிறுவனத்தின் பதிவு எண்ணை ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் நீயே தேடிப் பார். நிறுவனம் அனுப்பும் இணைப்பை நம்பாதே. பங்குகள் உன் பெயரிலேயே இருக்குமா, வாடிக்கையாளர் பணம் நிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்து பிரித்து வைக்கப்படுகிறதா, உன் பங்குகளைப் பிறருக்குக் கடன் கொடுக்க அனுமதிக்கும் விதி விண்ணப்பத்தில் இருக்கிறதா என்று படி. நிறுவனம் மூழ்கினால் கிடைக்கும் காப்புத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. பங்கு விலை சரிவதை அந்தக் காப்பு ஈடுகட்டாது.

தேர்ந்தெடுத்தபின் முழுத் தொகையையும் உடனே அனுப்பிவிடாதே. சிறு தொகை போட்டு ஒரு பங்கு வாங்கு, விற்று, பணத்தை வங்கிக்குத் திருப்பு. ஒவ்வொரு வாங்கல் விற்பனைக்கும் தரகர் அனுப்பும் ஒப்பந்தக் குறிப்பில் வரிவரியாக வரும் பிடித்தங்களைக் கட்டணப் பட்டியலோடு ஒப்பிடு. பணம் வந்துசேர எத்தனை நாள் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள். கணக்கை மூடவோ பங்குகளை வேறு நிறுவனத்துக்கு மாற்றவோ எவ்வளவு கேட்பார்கள் என்பதும் இப்போதே தெரிந்தாக வேண்டும். உன் இரண்டாவது நிறுவனத்தின் பட்டியலில் அந்தக் கட்டணம் பற்றிய வரியே இல்லை. அவர்களிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்