'நான்கு முறை' என்று எழுதியிருந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாட்டியத்துக்குப் பாடுகிறவர்கள் ஸ்வரக் குறிப்பைப் பார்த்தே பாடலாம், மனப்பாடம் வேண்டியதில்லை என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. முப்பது ஆண்டுகளாக நாட்டியக் கச்சேரிகளுக்கு வயலின் வாசிக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை.

போன வருடம் ஓர் அரங்கேற்றம். நாட்டியக் கச்சேரியின் நீண்ட, முக்கியமான உருப்படியான வர்ணம். பாடிய பெண்ணுக்கு நல்ல குரல், சுருதி சுத்தம், ஆனால் கண் முழுக்க டேப்லெட்டில். பல்லவி வரிக்கு 'நான்கு முறை' என்று குறித்து வைத்திருந்தார். ஆடிய குழந்தையோ தோழியிடம் கெஞ்சும் இடத்தை அன்று கொஞ்சம் நீட்டினாள். சபையே அவளோடு ஒன்றிப்போயிருந்தது. ஐந்தாவது முறை வர வேண்டிய நேரத்தில் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது! தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் செய்தவர் தானே பல்லவியைப் பாடி இழுத்துப் பிடித்தார். அதற்குள் குழந்தையின் முகபாவம் கலைந்துவிட்டது. பாடியவர் நிமிர்ந்து பார்த்திருந்தால், குழந்தை நீட்டிய கை இன்னும் இறங்கவில்லை என்பது தெரிந்திருக்கும்.

தாளச் சொற்கட்டுகளான ஜதிக்குக் கணக்கு உண்டு. மூன்று வேகங்களில் வரும் திரிகால ஜதியைத் தாராளமாக எழுதி வைத்துப் படிக்கலாம். ஒரே வரியின் பொருளை அபிநயத்தால் விரித்துக் காட்டும் சஞ்சாரிக்கு அப்படிக் கிடையாது. அதே வரி, வேறு வேறு சங்கதி (மெட்டின் மாறுபாடு), எத்தனை தடவை என்பது ஆடுகிறவர் மனசைப் பொறுத்தது.

குறிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1904-ல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற இசை நூலில், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகங்களுக்குக்கூடத் தனித்தனி அடையாளம் போட்டிருக்கிறார். எவ்வளவு பெரிய உழைப்பு! ஆனாலும் தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை, காதால் கேட்டவருக்குத்தான் அந்த அடையாளம் பேசும். மற்றவருக்கு அது வெறும் 'க'. காதால் கேட்டுப் பெறுகிற 'கேள்வி ஞானம்' என்றாலே முறையாகப் படிக்காதவர் என்று இப்போது பொருள் கொள்கிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

என் குருநாதர் ஒரு வர்ணம் வாயில் முழுதாக ஏறும்வரை நோட்டைத் தொட விடமாட்டார். அப்புறம்தான் எழுதச் சொல்வார். இன்று பாட்டு சொல்லிக்கொடுப்பவர்களும் இந்த வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், அரங்கேற்றத்துக்கு முந்தைய இரண்டு ஒத்திகைகளையாவது டேப்லெட் இல்லாமல், ஆடும் பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து பாட வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வயலின் கலைஞர்,
கும்பகோணம்