பழைய சுற்றறிக்கையைப் படித்த இயந்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்களில் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) என்றாலே பேச்சு வகுப்பறையையும் தேர்வுத்தாளையும் சுற்றியே நடக்கிறது. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப உதவி மையத்தில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடவுச்சொல் மறந்தவர், மின்னஞ்சல் திறக்காதவர், கட்டணம் கட்டியும் ரசீது வராதவர் என எல்லோரும் முதலில் வந்து நிற்பது எங்களிடம்தான்.

சென்ற பருவத்தில் எங்கள் இணையதளத்தில், கேள்வி கேட்டால் தானாகப் பதில் சொல்லும் ஒரு சாட்பாட் வைத்தார்கள். நான் அதை எதிர்க்கவில்லை. நள்ளிரவில் வைஃபை கிடைக்காமல் தவிக்கும் விடுதி மாணவருக்கு அது உடனே வழி சொல்கிறது. எங்களால் முடியாத வேலை அது.

ஒரு நாள் காலை ஒரு மாணவி வந்தார். அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது. கைப்பேசியை மேசைமேல் வைத்து சாட்பாட்டின் பதிலைக் காட்டினார். மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 25, மாலை 5 மணி என்று இருந்தது. உண்மையில் 18ஆம் தேதியே முடிந்துவிட்டது. அவர் வந்ததோ 21ஆம் தேதி. பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். இயந்திரம் அந்தத் தேதியைத் தானாக இட்டுக்கட்டவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சுற்றறிக்கை ஒன்று யாரும் நீக்காமல் எங்கள் சர்வரிலேயே கிடந்தது. ஆண்டை மட்டும் விட்டுவிட்டு, அதில் இருந்ததை அப்படியே சொல்லியிருந்தது.

தேர்வுப் பிரிவு, “நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றது. எங்கள் மேலாளர் மென்பொருள் தந்த நிறுவனத்தைக் கை காட்டினார். நிறுவனமோ, ஆவணம் உங்களுடையது என்றது. கடைசியில் அலைந்தது அந்தப் பெண்தான்.

சாட்பாட் தவறாகச் சொன்னால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வெளியே ஏற்கெனவே விடை கிடைத்திருக்கிறது. பாட்டியை இழந்த பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் தவறான தகவல் தந்தது. அந்த சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பதுபோல் நிறுவனம் வாதாடியது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, இழப்பீடு தரச் சொன்னது. தன் இணையதளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்றது. ஒரு விமான நிறுவனத்துக்கு இது பொருந்துமானால், மாணவரின் ஓராண்டுப் படிப்பைக் கையில் வைத்திருக்கும் எங்களுக்குப் பொருந்தாதா?

எனவே நான் கேட்பது இதுதான். சாட்பாட் படிக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் காலாவதி தேதியும் இருக்க வேண்டும். நாள் கடந்தால் ஆவணம் தானாக விலக வேண்டும். கட்டணம், தேர்வு, உதவித்தொகை பற்றிய பதிலில் மூலச் சுற்றறிக்கையின் இணைப்பும், பேசக்கூடிய ஒரு மனிதரின் தொலைபேசி எண்ணும் கட்டாயம் வேண்டும். கடவுச்சொல் மாற்றத்துக்கு ஆளை உறுதிசெய்யும் வேலையை மட்டும் அதனிடம் தரவே கூடாது.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். சக ஊழியர் ஒருவர் மாணவர் பெயர், பதிவெண், மதிப்பெண் அடங்கிய எக்செல் கோப்பை இலவச ஏஐ தளம் ஒன்றில் ஏற்றினார். வரிசைப்படுத்திக் கேட்டார், அவ்வளவுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எதைப் பயன்படுத்தலாம், எதைக் கூடாது என்று அவருக்கு யாரும் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அந்தத் தரவு போனது போனதுதான்.

இப்போது, மாணவர் கட்டுரையை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவி வாங்கப் பேச்சு நடக்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் கட்டுரைகளைச் சரிபார்க்கும் டர்னிட்டின் நிறுவனத்தின் அத்தகைய வசதியை நிறுத்தியது. 2022இல் அங்கு சரிபார்க்கப்பட்ட கட்டுரைகள் 75,000. நூற்றுக்கு ஒன்று தவறினாலும் சுமார் 750 கட்டுரைகள்மீது வீண்பழி விழும் என்று அவர்களே கணக்கிட்டார்கள். வாங்கும் கூட்டத்தில் மாணவர் ஒருவரையும் உதவி மையப் பணியாளர் ஒருவரையும் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

அந்த மாணவிக்கு, துணைவேந்தர் அலுவலகம் வரை போன பிறகு அனுமதி கிடைத்தது. அந்தச் சுற்றறிக்கையை அன்றே நீக்கினேன். அதே கோப்புறையில் இன்னும் பழையவை கிடக்கின்றன. அவற்றை நீக்கும் அதிகாரம் யாருக்கு என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

இப்படிக்கு,
பல்கலைக்கழக உதவி மையப் பணியாளர் ஒருவர்