நெட்டையன இறக்குங்க எண்டு கத்துறவங்களுக்கும், கோச்மாருக்கும், அந்தப் பொடியண்ட தாய்க்கும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன சனிக்கிழமை பின்னேரம் மட்டக்களப்பு டவுனுக்குள்ள நடந்த ஒரு ஸ்கூல் பாஸ்கட்போல் மெச் பாக்கப் போனன். எந்த ஸ்கூல் எண்டு எழுதல்ல, எழுதினா கதை வேற பக்கம் போயிரும். கச்சான் காத்து அடிக்கிற காலம், நாலரை மணிக்கும் கோர்ட்டுச் சீமெந்து கொதிக்குது, ரெண்டு சுருள் கச்சான் கொட்டையும் வாங்கிக்கொண்டு டீம் பொடியன்மார் இருக்கிற வாங்குக்குப் பின்னால போய் இருந்தன். மெச் தொடங்கி அஞ்சு நிமிசம் ஆகல்ல, எனக்குப் பக்கத்துல ஒரு கூட்டம் கத்தத் தொடங்கிட்டு, "சேர், நெட்டையன இறக்குங்க, நெட்டையன இறக்குங்க" எண்டு, வாங்குல இருக்கிற உயரமான பொடியன ஆட விடச் சொல்லி.

அவங்க சொல்ற நெட்டையன எனக்கும் தெரியும். பதினேழு வயசு, ஆறடி நாலு அங்குலம், ரெண்டு வருசத்துக்கு முந்தி எண்ட பட்டறைக்கு தகப்பனோட வரக்குள்ள சாதாரணப் பொடியன், இப்ப வந்தா நிலையில தலைய இடிச்சுப்போட்டு "மாமா இத உயத்துங்களன்" எண்டு சிரிப்பான். நான் தச்சு வேலை செய்யிறவன், சனிக்கிழமை மெச் நடந்த கோர்ட்டுல ஒரு பக்கத்து போர்டுக்கு ஒரு காலம் பலகை அடிச்சுக் குடுத்ததும் நான்தான், அதால அந்தக் கோர்ட் மேல எனக்கு கொஞ்சம் உரிமையும் இருக்கு. என்ட காலத்துல நானும் சென்டர்தான், ரிங்குக்குக் கிட்ட நிண்டு ஆடுற உயரமான ஆள், ஆறடி ஒண்டு, அந்த நேரம் அதே பெரிய உயரம்.

சரி, மெச்ச நாலு குவாட்டராப் பிரிச்சுத்தான் ஆடுவாங்க, கோச் ரெண்டாம் குவாட்டர்ல ஆறு நிமிசம் இருக்கக்குள்ள அவன இறக்கினார். கூட்டம் விசில் அடிச்சுது. முதல் போல்லயே எதிர் டீம்ல ஒரு குட்டிக் கார்ட், வெளியால நிண்டு பந்தக் கொண்டு வாற ஆள், இவண்ட முழங்கை உயரம்தான் இருப்பான், ரிங்குக்கு கீழ பூந்து பந்த ஏத்துற மாதிரி காட்டிப் பேய்க்காட்டினான், இவன் வானத்துக்கு பாஞ்சு கைய கீழ அடிச்சான், விசில், பவுல். மறுகா ஒரு ரீபவுண்ட் வந்துது, போகாம ரிங்குல பட்டுத் திரும்பி வாற பந்து, அத எடுத்த விதம் இருக்கே, நாலு பேருக்கு மேலால ரெண்டு கையாலயும் மாங்காய் பறிக்கிறது போல எடுத்தான், நான் எழும்பிட்டன். எடுத்தவன் அப்படியே மேல வச்சிருந்தா என்ன, பந்த வயித்துக்கு இறக்கினான், ரெண்டு குட்டியன்மார் வந்து தட்டிக்கொண்டு போயிட்டானுகள், இவன் ஆத்திரத்துல பின்னால கைய நீட்டினான், ரெண்டாவது பவுல். அடுத்தது ஒரு ட்ராவல், பந்த தட்டாம காலடி கூட வச்ச பிழை. ரெண்டரை நிமிசம், வந்து வாங்குல இருந்து துவாய தலையில போட்டுக்கொண்டான். கூட்டம் கோச்சுக்கு ஹூ எண்டு கத்துது.

நான் இத எழுதுறது அந்த ஹூவுக்காகத்தான். கோச் செஞ்சது பிழையும் இல்ல, முழுக்கச் சரியும் இல்ல, அத யாராவது விளக்கமா சொல்லோணும். பேப்பர்ல எண்டா அடுத்த நாள் ஆர் எத்தின பொயின்ட் அடிச்ச எண்டு மட்டும்தான் வரும்.

ஒரு மெச் 40 நிமிசம், சென்டர் இடத்துக்கும் அந்த 40 நிமிசம்தான். ஏ.எல் கடைசி வருசம் படிக்கிற மூத்த சென்டர் ஒருத்தன் ஏற்கனவே இருக்கான், உயரம் இவன விட மூணு அங்குலம் குறைவு, ஆனா கால் எங்க வைக்கோணும் எண்டு தெரியும், அவன் முப்பது நிமிசம் நிப்பான். மிச்சம் பத்து. அந்தப் பத்துல இவன் ரெண்டரை நிமிசத்துக்கு ரெண்டு பவுல் எடுத்தா, அஞ்சு பவுல்ல வெளிய போகோணும் எண்ட கணக்குப்படி ஏழு நிமிசத்துல ஆள் முடிஞ்சு. இன்னொண்டும் இருக்கு, ஒரு குவாட்டருக்குள்ள டீமுக்கு நாலு பவுல் ஆகிட்டா அஞ்சாவதுல இருந்து எதிர் டீமுக்கு சும்மா ரெண்டு ப்ரீ த்ரோ, ஆரும் மறிக்காம நிண்டு அடிக்கிறது, இவண்ட அவசரத்துக்கு மத்த நாலு பேரும் பதில் சொல்லோணும். இதெல்லாம் யோசிச்சுத்தான் கோச் எடுத்தார், அந்த மனுசனுக்கு உயரம் கண்ணுக்கு தெரியாம இல்ல.

ஆனா கோச் காணாத ஒண்ட நான் கண்டன், அல்லாட்டி கண்டும் அந்த நேரம் யோசிக்க ஏலாம இருந்திருக்கும். மூணாம் குவாட்டர் கடைசியில மறுகா இவன ரெண்டு நிமிசம் விட்டாங்க. எதிர் டீம் ரெண்டு-மூணு சோன் போட்டு, முன்னுக்கு ரெண்டு பேர் பின்னுக்கு மூணு பேர் எண்டு இடத்தக் காத்து, உள்ள அடைச்சு நிக்குது, எங்கட கார்ட்மார் வெளியால போல் மாத்தி மாத்தி களைச்சுப்போனானுகள். இவன் ஆரும் சொல்லாம ப்ரீ த்ரோ கோட்டுக்கு ஏறி வந்தான், கைய தலைக்கு மேல நீட்டிக் கேட்டான், போல் வந்துது, இந்த முறை இறக்கல்ல, மேலயே வச்சுக்கொண்டு திரும்பிப் பாத்தான், சோன் இவனப் பாத்து சுருங்கிச்சு, மூலையில தனிய நிண்டவனுக்கு ஒரே பாஸ். அவன் அடிச்சான், ரிங்குல பட்டு வெளிய போயிட்டு. ஸ்கோர் ஷீட்டுல ஒண்டும் இல்ல. கை தட்டினது நான் ஒருத்தன்தான், பக்கத்துல இருந்தவன் என்ன ஒரு மாதிரி பாத்தான். போல் போகாட்டியும் அது பதினேழு வயசுச் சென்டர் பாக்கிற பார்வை இல்ல. இந்த உயரத்தோட பாஸ் பாக்கிற கண் இருக்கிற ஆள இஞ்ச நான் கன காலமா காணல்ல.

டொரொண்டோவில எண்ட அக்காட மகன் இருக்கான், அவன் எனக்கு வட்சப்புல அமெரிக்க கொலிஜ் பாஸ்கட்போல் கிளிப் அனுப்புவான், அந்த மெச் எல்லாம் எங்கட விடியக்காலையில நடக்கிறது, தேத்தண்ணியோட பாக்கலாம். அவனுகட ஊர்ப் பொடியன் ஒருத்தன், சாக் ஈடி எண்டு, ஏழடி நாலு அங்குலம். சின்ன வயசுல ஐஸ் ஹொக்கியும் பேஸ்போலும் விளையாடினவன், பாஸ்கட்போலுக்கு பிந்தித்தான் வந்தான். பர்டியூ யூனிவர்சிட்டிக்கு 2020ல போகக்குள்ள ஸ்கூல் ஆட்டக்காரர்ட தரவரிசையில நூத்துக்கணக்கான பேருக்குப் பின்னாலதான் அவண்ட பேர் இருந்திச்சு. முதல் வருசம் ஒரு மெச்சுக்கு சராசரி பதினஞ்சு நிமிசம் கூட இல்ல. ரெண்டாம் வருசம் 19 நிமிசம், அவங்களுக்கும் மூத்த சென்டர் ஒருத்தன் இருந்தான், ட்ரெவியன் வில்லியம்ஸ், ரெண்டு பேரும் அந்த 40ஐ பங்கு போட்டுத்தான் விளையாடினாங்க. மூத்தவன் படிப்பு முடிச்சுப் போக மூணாம் வருசம் 31 நிமிசத்துக்கு மேல, மெச்சுக்கு 22 பொயின்ட், 12க்கு மேல ரீபவுண்ட், 2023லயும் 2024லயும் அந்த நாட்டுக் கொலிஜ் ஆட்டக்காரர்ல முதலாவது ஆள் எண்டு விருது. 2024 பைனல்ல தோத்தாங்க, தோத்த மெச்சுலயும் 37 பொயின்ட் அடிச்சான். பதினஞ்சு நிமிசக்காரன் முப்பது நிமிசக்காரன் ஆக ரெண்டு வருசம் எடுத்திருக்கு பாருங்க. அந்த ரெண்டு வருசமும் அவன் வாங்குல சும்மா குந்திக்கொண்டு இருக்கல்ல, களைக்காம ஓடவும் பவுல் எடுக்காம நிக்கவும் பழகினான்.

ஹக்கீம் ஒலாஜுவன் பேர் கொஞ்சம் பழைய ஆக்களுக்கு தெரியும். நைஜீரியாவில லாகோஸ் பட்டினத்துப் பொடியன், புட்போல்ல கோலி, ஹேண்ட்போலும் விளையாடினவன், பாஸ்கட்போல் தொட்டதே பதினஞ்சு வயசுலதான். 1980ல அமெரிக்காவில ஹூஸ்டன் யூனிவர்சிட்டிக்குப் போனான், முதல் வருசம் ஒரு மெச்சும் இல்ல, அடுத்த வருசம் பதினெட்டு நிமிசம் போலதான். 1984ல அமெரிக்காட பெரிய பாஸ்கட்போல் லீக், என்.பி.ஏ.க்கு ஆள் எடுக்கக்குள்ள முதல் ஆளா எடுபட்டது அவன், மைக்கல் ஜோர்டன் மூணாவது.

அதுக்காக எங்கட பொடியன் என்.பி.ஏ. போவான் எண்டு நான் சொல்ல வரல்ல, அப்படிச் சொன்னா எண்ட மனிசியே சிரிப்பா. அவன் அடுத்த வருசம் இருவது நிமிசம் விளையாடலாம் எண்டுதான் சொல்றன். பச்ச மரத்துல கதவு செஞ்சு குடுத்தா மாரி மழைக்கு ஊதி மூட ஏலாமப் போகும், வாங்கினவன் வந்து என்ன ஏசுவான், மரத்த ஏச மாட்டான். இவனும் இப்ப பச்ச மரம்தான். ரெண்டு வருசத்துல ஏழு அங்குலம் வளந்திருக்கான், முழங்கால் நோகுது எண்டு தாய் சொல்றா, அவண்ட கை கால் எங்க முடியுது எண்டு அவனுக்கே இன்னும் சரியாத் தெரியா.

இந்த ஊர்ல சென்டர் பழக்கிறது புது விசயமும் இல்லயே. அமெரிக்க யேசுசபைச் சுவாமிமார் இஞ்ச பாஸ்கட்போல வளத்த கதை தெரியாத ஆள் மட்டக்களப்புல குறைவு. வெபர் மைதானம் எண்டு நாங்க சொல்றது ஆர்ட பேர் எண்டு இப்பத்தப் பிள்ளைகள்ட்ட கேட்டுப் பாருங்க, ஹெரல்ட் வெபர் சுவாமி. அதுபோல யூஜின் ஹேபர்ட் சுவாமி, புனித மிக்கேல் கல்லூரியிலயும் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலயும் பழக்கினவர், 1990 ஆவணி 15ந் திகதி வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்கு வாற வழியில காணாமப் போனவர், இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்ல. அந்த வருசத்தோட எங்கள்ல கன பேருக்கு கோர்ட்டும் இல்ல, போலும் இல்ல. அத இதுல நீட்ட விரும்பல்ல.

அந்தக் காலத்துல எனக்குப் பழக்கின சேர் ஒருத்தர் செஞ்ச வேலை சொல்றன். ரெண்டு கையிலயும் ஒவ்வொரு டெனிஸ் போல் தந்து, அத விடாம கைய நேர மேல தூக்கிக்கொண்டு ரிங்குக்கு கீழ நிக்கச் சொல்லுவார், மத்தவனெல்லாம் வந்து வந்து ஏத்துவான், நான் பாயக் கூடாது, அடிக்கக் கூடாது, நெஞ்சக் காட்டிக்கொண்டு நேர நிக்கோணும். நாம நிக்கிற இடத்துல கை நேர மேல இருக்கக்குள்ள அவன் வந்து மோதினா அது எங்கட பவுல் இல்ல, இது இண்டைக்கும் உள்ள சட்டம்தான், சிலிண்டர் எண்டு சொல்லுவாங்க. ஆறடி நாலு இருக்கிறவன் பாயவே தேவையில்ல, சும்மா கைய உயத்திக்கொண்டு நிண்டாலே அந்தக் குட்டிக் கார்டுக்கு ரிங் தெரியா. இத ஆராவது அவனுக்குச் சொல்லியிருக்காங்களோ தெரியல்ல, ஒவ்வொரு பேய்க்காட்டுக்கும் மாடு மிரண்டது போல பாயுறான்.

மத்தது கால். ஜோர்ஜ் மைக்கன் எண்டு 1940கள்ல டிபோல் யூனிவர்சிட்டியில ஒரு சென்டர், ஆறடி பத்து, தடிச்ச கண்ணாடி, சரியான மந்தம் எண்டு ஆக்கள் சிரிச்ச ஆள். ரே மேயர் எண்ட கோச் அவனுக்கு கயிறு பாய வச்சார், டான்ஸ் கூட பழக்கினார், ரிங்குக்கு கீழ நிண்டு வலக்கையால ஒண்டு இடக்கையால ஒண்டு எண்டு ஓயாம போட வச்சார், அந்தப் பயிற்சிக்கு இண்டைக்கும் அவண்ட பேர்தான். இதுக்கு காசு செலவில்ல. கார்த்திகை மார்கழியில மழை பிடிச்சு கோர்ட் வழுக்கக்குள்ள ரெண்டு மாசம் பிரக்டிஸ் நிண்டு போகும் எண்டு சொல்றாங்களே, ஸ்கூல் விறாந்தையில கயிறு பாயலாமே.

ப்ரீ த்ரோவும் அடிக்கோணும், கடைசி ரெண்டு நிமிசத்துல ப்ரீ த்ரோ போகாத சென்டர எந்தக் கோச்சும் விட மாட்டான், இதுக்கு மேல அதப் பத்தி கதைக்க ஒண்டும் இல்ல.

இப்ப தாய்ட கதைக்கு வாறன். திங்கக்கிழமை அவ பட்டறைக்கு வந்தா, "அண்ணே, இவ்வளவு உயரம் இருந்தும் வாங்குலதான் இருத்துறாங்க, கத்துறவன் எல்லாம் நெட்டையன் நெட்டையன் எண்டுறான், பிள்ள ராவைக்கு சாப்பிடல்ல, நான் நிப்பாட்டிப்போட்டு பின்னேர மெத்ஸ் கிளாஸுக்கு விடப்போறன்" எண்டு. ஏ.எல் கவலை எனக்கும் விளங்கும், எண்ட ரெண்டும் அந்தப் பாதையால போனதுகள்தான். ஆனா தங்கச்சி, கிளாஸுக்கு விடுறதெண்டா கிளாஸுக்காக விடுங்க, வாங்குல இருத்துறாங்க எண்ட கோவத்துல நிப்பாட்டாதீங்க. யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்து அங்குலம், பொம்புளப் பிள்ள, அந்த உயரத்த வச்சு ஊர் என்னென்ன சொல்லியிருக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அதே உயரத்தோடதான் வலைப்பந்துல இலங்கைக்கு 2009லயும் 2018லயும் ஆசியக் கிண்ணம் வந்துது.

கோச்சிட்ட நான் கேக்கிறது ஒண்டுதான். மெச் தோல்வியாகி கடைசி நிமிசத்துல அவன விடாதீங்க சேர், அது அவனுக்கும் வெட்கம், அதுல ஒண்டும் பழக ஏலாது. ரெண்டாம் குவாட்டர் தொடங்கக்குள்ள நாலு நிமிசம் விடுங்க, எதிர் டீம்ட மூத்த சென்டரும் அப்பதான் மூச்சு வாங்க வாங்குக்குப் போவான். ஒரு பவுல் எடுத்த உடன தூக்காதீங்க, ரெண்டாவதுக்கு தூக்குங்க. சோன் போட்டா இவன ப்ரீ த்ரோ கோட்டுல நிப்பாட்டிப் பாருங்க, ரிங்குக்கு கீழ இல்ல. கூட்டத்துக்கு சொல்றது, பேர் ஒண்டு இருக்கு அவனுக்கு, அதச் சொல்லிக் கூப்பிடுங்க.

நேத்துப் பின்னேரம் அவன் வந்தான், தாய் அனுப்பித்தான். கடையில விக்கிற ஸ்கிப்பிங் கயிறு அவனுக்கு நீளம் காணாது, தலையில அடிக்குது, அதுக்காக நைலோன் கயிறு பத்தடிக்கு கிட்ட வெட்டி, மிச்சம் கிடந்த தேக்குத் துண்டுல ரெண்டு பிடி கடைஞ்சு போட்டுக் குடுத்தன். பட்டறை முத்தத்துல பாஞ்சு பாத்தான், பதினொண்டுல சிக்கிச்சு. போகக்குள்ள நிலையில மறுகாலும் தலைய இடிச்சான்.

இப்படிக்கு,
பழைய சென்டர் ஒருத்தன்,
கல்லடி, மட்டக்களப்பு